புதுப்பிப்பு: அப்பத்தாவின் தூக்க மாத்திரை

அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை இல்லாமல் அப்பத்தா தூங்குவதில்லை, நிறுத்திவிடலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். சட்டென்று நிறுத்தாதீர்கள் என்றீர்கள். காரைக்குடி டாக்டரும் அதையே சொன்னார்: நாள்பட்டுப் போட்டவர் திடீரென விட்டால் வலிப்புகூட வரலாமாம். 0.5 மில்லிகிராமை 0.375 ஆக மட்டும் குறைத்திருக்கிறார். மீதிக்குப் பல மாதம் ஆகும்.

முதல் வாரம் அப்பத்தா விடிய விடிய வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றி உலாத்தினார். மதியம் ஆத்தங்குடிக்கல் பதித்த தரையின் குளிர்ச்சியில் இரண்டு மணி நேரம் உறங்குவதுதான் பாதி வில்லங்கம் என்பது அப்புறம்தான் பிடிபட்டது. அதை நிறுத்தினோம். சாயங்காலம் ஊருணிவரை நடை. நாலு மணிக்கு மேல் காப்பி கிடையாது. பெரிய சண்டையே இதற்குத்தான். இப்போது பத்தரைக்குப் படுத்தால் நாலரைவரை தூங்குகிறார்.

“மாத்திரையைக் குறைச்சது சரிப்பா, காப்பி என்ன பாவம் பண்ணுச்சு?” என்று நேற்றும் கேட்டார்.