கல்வெட்டில் முதல் வரியை மாற்ற வேண்டும்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

காமராஜர் சிலைக்கு எழுதிய கல்வெட்டு வாசகத்தைப் பார்த்தேன். சிலை வைப்பதில் எனக்கு எதிர்ப்பு கிடையாது, என் பங்குப் பணத்தையும் போன வாரமே அனுப்பிவிட்டேன், ஜங்ஷனில் வைத்தாலும் சரி, பள்ளிக்கூட மதிலை ஒட்டி வைத்தாலும் சரி. ஆனால் ‘குமரி மண்ணைத் தாய்த் தமிழகத்தோடு இணைத்த பெருந்தலைவர்’ என்று முதல் வரி இருக்கிறதே, அதைக் கல்லில் வெட்டக் கூடாது. நடந்தது அப்படி இல்லை.

நம்ம பக்கம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, இணைப்புக்கு நின்று போராடியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். தலைவர் நேசமணி, நம்ம விளவங்கோடு தாலுகா பள்ளியாடிக்காரர். பெயரில் காங்கிரஸ் இருப்பதால் இரண்டும் ஒரே கட்சி என்று இளையவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், அது தனிக் கட்சி, காங்கிரஸை எதிர்த்தே தேர்தலில் நின்ற கட்சி. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். அப்போது திருவனந்தபுரத்தில் பட்டம் தாணுப்பிள்ளை முதல்வர், சென்னையில் காமராஜர் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து நாலு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. செத்தவர்கள் நம்ம பக்கத்து ஆட்கள். அவர்கள் கணக்கில் இருப்பதை எடுத்து காமராஜர் கணக்கில் எழுதினால் அவருக்கே அது பிடித்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கேட்டது ஒன்பது தாலுகா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வந்தது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும், செங்கோட்டையில் ஒரு பகுதியும். நெய்யாற்றின்கரை, சித்தூர், தேவிகுளம், பீர்மேடு கேரளத்திலேயே நின்றுபோயின. ‘மேடாவது குளமாவது’ என்று காமராஜர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றைக்கும் ஓடுகிறது, எல்லை விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்தார் என்ற வருத்தம் மலையில் இருக்கிற தமிழர்களுக்கு இன்னும் போகவில்லை. மூணாறில் கடை வைத்திருக்கிற நம்ம ஊர்க்காரர்களிடம் இந்த முதல் வரியைக் காட்டிப் பாருங்கள், என்ன சொல்வார்கள் என்று தெரியும். கேரளத்துப் பாறசாலையில் பெண் கொடுத்து எடுத்த நமக்கே எல்லை எங்கே விழுந்தது என்பது கல்யாண வீட்டில் ரேஷன் கார்டு பேச்சு வரும்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது, அது வேறு கதை.

அப்புறம் இரண்டாவது வரி, ‘கல்விக் கண் திறந்தவர்’. தமிழ்நாடு முழுக்க அது சரி. குலக்கல்வித் திட்டத்தை ரத்து செய்தது, மூடிக் கிடந்த பள்ளிக்கூடங்களைத் திறந்தது, 1956-இல் மதிய உணவு போட்டது எல்லாம் அவர் செய்தவை. ஆனால் நம்ம பக்கத்தில் அதற்கு முன்பே மிஷன் பள்ளிக்கூடங்களும் திருவிதாங்கூர் சர்க்கார் பள்ளிக்கூடங்களும் இருந்தன, நம்ம பாட்டிமாரில் பாதிப் பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். எல்லா ஊர்ச் சிலைக்கும் கீழே இருக்கிற வரியை நாமும் வெட்டிவைப்பதில் என்ன இருக்கிறது? நமக்கு அவரால் வந்தது தண்ணீர்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைச் சுற்றுலா இடமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். வெளியூர் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போவோம், நடுவில் நின்று படம் எடுப்போம், கீழே பறளியாறு ஓடுவதைக் காட்டுவோம், அன்னாசி வாங்கித் தின்றுவிட்டு வந்துவிடுவோம். ஆனால் அந்த 28 தூண்களும் நிற்பது பட்டணங்கால் என்ற பாசனச் சானலை ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு, ஆற்றுக்கு நூறடிக்கு மேலே, தாண்டவைக்கத்தான். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காத மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக காமராஜர் முன்நின்று எடுத்த வேலை அது. முடிந்தது 1966-இல், அப்போது பக்தவத்சலம் முதல்வர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜூனில் அணை திறந்த பிறகு நம்ம சானலுக்குத் தண்ணீர் வருவது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். முதலில் தண்ணீர் தெரியாது, காய்ந்த ரப்பர் இலையும் பிலாச்சருகும் நுரையும் ஒரு பாய் மாதிரி சுருண்டு சுருண்டு வரும், பின்னால்தான் கலங்கல் தண்ணீர். கரையோடு நாம் கூடவே ஓடுவோம், மதகுப் பக்கம் போய் அது முந்தும். மறுநாள் ஏலாவில், அதாவது வயல்வெளியில், கன்னிப்பூ நெல்லுக்கு உழவு தொடங்கும். இப்போது ஏலாவில் பாதி வாழை, மீதி மண் போட்டு வீடு. ஆனாலும் கிணற்றில் தண்ணீர் நிற்பது சானலால்தான். நெய்யாறு இடதுகரைச் சானலை நம்பியிருந்த ஊர்களைப் பாருங்கள், 2004-இல் கேரளத்திலிருந்து தண்ணீர் நின்றது, விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் பாசனம் அதோடு போனது.

இன்னும் ஒரு விஷயம் வாசகத்தில் விட்டுப்போயிருக்கிறது, எனக்கு அதுதான் ஆச்சரியம். காமராஜர் நம்ம எம்.பி.யாக இருந்தவர். 1967-இல் சொந்த ஊர் விருதுநகரிலேயே 1,285 ஓட்டில் தோற்றார். நேரு இறந்தபோதும் சாஸ்திரி இறந்தபோதும் அடுத்த பிரதமர் யார் என்பதை முன்நின்று முடித்துவைத்த மனிதர். 1968-இல் நேசமணி இறந்ததால் நாகர்கோவில் காலியானது, 1969 ஜனவரி இடைத்தேர்தலில் நம்ம ஆட்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் அவரை ஜெயிக்கவைத்து டெல்லிக்கு அனுப்பினார்கள். 1971-இலும் அவரே. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி இறக்கும்போது நாகர்கோவில் எம்.பி.யாகத்தான் இறந்தார். சிலை வைக்க இதைவிட நமக்கு என்ன உரிமை வேண்டும்?

அதனால் என் வாசகம் இது, திருத்தலாம்:

‘கு. காமராஜர், 1903–1975. சென்னை மாநில முதல்வர் 1954–1963. நாகர்கோவில் மக்களவை உறுப்பினர் 1969–1975. பட்டணங்கால் தண்ணீருக்கு நன்றியுடன் ஊர் மக்கள்.’

‘தமிழ்நாடு முதல்வர்’ என்று போடாதீர்கள், அந்தப் பெயரே 1969-இல்தான் வந்தது. நன்கொடையாளர் பட்டியல் கல்லில் வேண்டாம் என்பதும் என் கருத்து, ஷார்ஜா அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். மிச்சப் பணத்தில் நம்ம ஊர் எல்லைக்குள் சானல் கரை இடிந்த இடத்தைக் கட்ட அனுமதி கிடைக்குமா என்று ஊரில் இருக்கிற மாமாமார் கேட்டுச் சொல்ல வேண்டும். நேசமணிக்கும் ஆகஸ்ட் 11-இல் செத்தவர்களுக்கும் தனியாக ஒரு கல், சின்னதாக இருந்தாலும் போதும், அதற்கு என் பங்கு இரண்டு மடங்கு. கல் வெட்டுகிறவர் வாசகம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோரும் பதில் போடுங்கள்.