வாட்டர்கலர் பட்டாம்பூச்சி: கறுப்பு மஞ்சளுக்குள் கசிகிறது

கேள்வி (பெங்களூரு):
கர்நாடகத்தின் மாநிலப் பட்டாம்பூச்சி சதர்ன் பேர்ட்விங் வரைகிறேன். பின்சிறகு மஞ்சளில் கறுப்பு நரம்பு போட்டால் கசிந்து சேறாகிறது. இரண்டு பக்கச் சிறகும் ஒத்து வரவில்லை. தாள் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்).

பதில் 1:
முதல்ல தாளை மாத்துங்க, 300 ஜிஎஸ்எம் வேணும். மஞ்சளை மெல்லிசா இரண்டு பூச்சு. புறங்கையால தொட்டா ஜில்லுனு இருந்தா உள்ளே ஈரம் இருக்கு. மேலே காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் கசியும். இந்த மழை ஈரத்துக்கு ஹேர் ட்ரையர் பிடிங்க. ட்யூப் கறுப்பு வேண்டாம், செத்த நிறம். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பர்ங்கிற கரும்பழுப்பும் கெட்டியா கலந்து, 1ஆம் நம்பர் பிரஷ்ல உடம்பிலிருந்து ஓரத்துக்கு இழுங்க.

பதில் 2:
சிறகு ஒத்துவர: ட்ரேசிங் தாளை மடிச்சு, மடிப்பை உடம்பின் நடுக்கோடா வெச்சு, உள்பக்கம் ஒரு பாதியை மட்டும் 2பி பென்சிலால் வரைங்க. மூடி, ஸ்பூன் முதுகால் தேய்ச்சா மறுபாதி விழும்.

பதில் 3:
நீலம் மினுங்கும் சிறகுள்ள வேறு பட்டாம்பூச்சி வரைந்தால் இந்த முறை போதாது. அந்த நீலம் பெரும்பாலும் சாயமில்லை, செதிலின் நுண்ணமைப்பில் ஒளி பட்டு வருவது. கறுப்பு அடிப்பூச்சு காய்ந்தபின் மினுங்கும் நீல மைக்கா தூளைக் கம் அராபிக் பசையில் குழைத்துப் பூசுங்கள். வெள்ளைத் தாளில் நேராகப் பூசினால் வெளுத்துத்தான் தெரியும்.