குலுங்கலில் தீயணைப்பான் கழன்று விழுகிறது: ஆஃப்ரோடு வண்டியில் எங்கே, எப்படிப் பொருத்துவது?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. என்னுடையது ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் உலோகக் குழாய்ச் சட்டம்) உள்ள, கூரையைக் கழற்றி ஓட்டக்கூடிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி. ஒரு கிலோ ஏபிசி பவுடர் (பல வகைத் தீக்கும் ஆனது) தீயணைப்பான் வாங்கி, அதனுடன் வந்த தகர பிராக்கெட்டிலேயே பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் பக்கவாட்டாக மாட்டியிருந்தேன். வறண்ட ஓடை ஒன்றில் இறங்கும்போது கிளிப் தானாகத் திறந்து சிலிண்டர் உள்ளே உருண்டது. பின் சீட்டில் யாரும் இல்லாததால் அடி எதுவும் படவில்லை. பாதுகாப்பு ஊசியைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் சீல் மட்டும் அறுந்துவிட்டது.

இனி முறையாகப் பொருத்த வேண்டும். ரோல் பாரிலா, சீட்டுக்கு முன்னாலா? தரையில் துளை போடாமல் முடியுமா? அப்புறம், குலுங்கக் குலுங்க உள்ளே பவுடர் இறுகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்

முதலில் அந்தத் தகர பிராக்கெட்டைக் கழற்றி வையுங்கள். அது சுவரில் தொங்கவிடுவதற்காகச் செய்தது. சுவரில் சிலிண்டரின் எடை கீழ்நோக்கி மட்டும்தான் இழுக்கும். வண்டியில் எல்லாத் திசையிலும் இழுக்கும், அதுவும் பல மடங்காக. மோட்டார் பந்தயங்களுக்கு எஃப்ஐஏ என்ற சர்வதேச அமைப்பு வைத்திருக்கும் விதியில் (இணைப்பு ஜே, பிரிவு 253) தீயணைப்பானின் பிடிமானம் 25 ஜி (புவியீர்ப்பைப் போல 25 மடங்கு) வேகக்குறைப்பைத் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. ஒரு கிலோ பவுடர் உள்ள சிலிண்டர், உறையோடு சேர்த்து 2 கிலோ எடை வரும் என்று வைத்துக்கொண்டால், மோதலில் அது 50 கிலோ எடை போல இழுக்கும். உங்கள் கிளிப் அதைத் தாங்குமா என்று நீங்களே பாருங்கள்.

அதே விதி கேட்பது: உலோகப் பட்டைகள் குறைந்தது இரண்டு, சட்டென்று திறக்கும் உலோகக் கொக்கி, சிலிண்டர் நீளவாக்கில் நழுவிப் பாயாமல் தடுக்கும் முனைத் தடுப்பு. நாம் பந்தயம் ஓட்டவில்லைதான். ஆனாலும் வாங்கும்போது இந்த மூன்றையும் பார்த்து வாங்குங்கள். மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. பட்டைகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வழவழப்பான சிலிண்டர் அவற்றுக்கிடையே வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

வேறொருவர்

ரோல் பாருக்கு வெல்க்ரோ பட்டை வைத்த துணி உறை கிடைக்கிறதே, அது போதாதா? துளையும் வேண்டாம், எந்த வண்டிக்கும் பொருந்தும்.

பதில்

புழுதியும் சேறும் வெல்க்ரோவில் ஏறிவிட்டால் பிடிப்பு போய்விடும், வெயிலில் துணி நைந்துவிடும். மெதுவாகப் பாறை ஏறும்போது நிற்கும், ஆனால் வண்டி கவிழ்ந்தால் நிற்கும் என்று நம்ப மாட்டேன். ரப்பர் கிளாம்புக்கும் இதே கவலை உண்டு. புதிதாக இருக்கும்போது நன்றாகவே பிடிக்கும், வெயிலில் காய்ந்து வெடிப்பு விட்டதும் மாற்ற வேண்டும். கேபிள் டை வேண்டவே வேண்டாம். குலுங்கலில் அறுந்துபோகும், தீப்பிடித்த நேரத்தில் கையால் அறுக்கவும் வராது.

ரோல் பாரில் வைப்பதானால் அந்தக் குழாயின் விட்டத்துக்கே செய்த இரண்டு உலோகக் கிளாம்ப், அதன் மேல் தன் பூட்டு ஊசியை இழுத்ததும் சிலிண்டரை விடுவிக்கும் பிராக்கெட், இதுதான் நல்ல ஏற்பாடு. குழாயைத் துளைக்காதீர்கள், அதன் பலமே போய்விடும். குழாயைச் சுற்றி நுரை உறை இருந்தால் கிளாம்ப் உட்காரும் இடத்தில் மட்டும் வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தின் மேலேயே இறுக்குங்கள். நுரைக்கு மேல் இறுக்கினால் நுரை நாளாக நாளாக அமுங்கி, கிளாம்ப் தளர்ந்து சுழல ஆரம்பிக்கும். குலுங்கலில் தளராத நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) போடுங்கள். தலை போய் இடிக்கும் உயரத்தில் மட்டும் எதுவும் இருக்கக் கூடாது.

இன்னொரு பதில்

பிடிமானம் பற்றிச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, சிலிண்டர் இருந்த இடம். பின்பக்கம் சாமான்களுக்கு நடுவே இருந்தால் தீப்பிடிக்கும்போது நீங்கள் இறங்கி, சுற்றி ஓடி, பின்கதவைத் திறந்து, பைகளைத் தள்ளிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு கிலோ பவுடர் மொத்தமே பத்து விநாடி அளவில் தீர்ந்துவிடும். அவ்வளவு சின்ன சிலிண்டரால் அணைக்கக்கூடியது ஆரம்ப நிலைத் தீயை மட்டும்தான். எடுக்கவே அரை நிமிடம் போனால் அது இருந்தும் பயனில்லை.

நான் பார்க்கும் சோதனை எளிது. பெல்ட் போட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் சிலிண்டரைக் கழற்றி எடுங்கள். பிறகு வெளியே நின்று, ஓட்டுநர் கதவு திறக்காது என்று வைத்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் எந்தக் கை எட்டும் என்றும் யோசியுங்கள். மூன்றுக்கும் சரிவரும் இடம் பெரும்பாலும் முன் பயணி இருக்கையின் முன் விளிம்புக்குக் கீழே, குறுக்காக, கைப்பிடி ஓட்டுநர் பக்கம் பார்த்தபடி.

அங்கே தரையைத் துளைக்க வேண்டியதில்லை. இருக்கையின் முன் போல்ட்களிலேயே பிடிக்கும் தட்டுகள் பல வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. ஆனால் அந்த போல்ட்கள்தான் மோதலில் இருக்கையையே பிடித்து வைப்பவை. தட்டின் தடிமன் சேர்ந்ததால் மரைக்குள் போகும் நீளம் குறைந்துவிட்டதா என்று பார்த்து, தயாரிப்பாளர் சொல்லும் டார்க்குக்கே (முறுக்கு விசை அளவுக்கே) முறுக்குங்கள். இருக்கைக்கு அடியில் ஏர்பேக், மோதலில் சீட் பெல்ட்டை இறுக்கும் கருவி ஆகியவற்றின் ஒயர்கள் ஓடும், அவற்றை நசுக்கிவிடாதீர்கள். இருக்கையை முன்னும் பின்னும் முழுவதும் நகர்த்திப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வைப்பதை நான் ஏற்கவில்லை. கழன்றால் நேராக பிரேக் பெடலுக்கு அடியில்தான் போய் நிற்கும். பக்கவாட்டு ஏர்பேக் விரியும் தூண்களும் கூரை ஓரமும் கூடவே கூடாது.

எங்கேயாவது துளை போட்டே ஆக வேண்டுமென்றால், அடியில் படுத்து பிரேக் குழாய், எரிபொருள் குழாய், ஒயர் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு போடுங்கள். உள்ளே வாஷர் மட்டும் போதாது, கீழ்ப்பக்கம் ஒரு தட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய தகரத்தைக் கிழித்துக்கொண்டு போல்ட் வெளியே வந்துவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. இருக்கைப் பக்கமே போகிறேன். பவுடர் விஷயம்? படுக்கை வாட்டில் வைக்கலாமா? கார்பன் டை ஆக்சைடு வாங்கினால் இந்தக் கவலையே இல்லை என்று ஒருவர் சொன்னார்.

பதில்

படுக்கை வாட்டில் வைத்துக்கொண்டு போகலாம், தயாரிப்பாளர் கூடாது என்று சொல்லியிருந்தால் தவிர. பயன்படுத்தும்போது மட்டும் நிமிர்த்திப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் குழாய் அடிப்பகுதியிலிருந்துதான் பவுடரை எடுக்கிறது. சாய்த்துப் பிடித்தால் வாயு மட்டும் வெளியேறி பவுடர் தங்கிவிடும்.

இறுகுவது உண்மைதான். டப்பாவைத் தட்டத் தட்ட மாவு இறுகுவதைப் போல, அதிர்வில் பவுடர் அடியில் படியும். மாதம் ஒருமுறை கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள். பவுடர் சரிவது கைக்குத் தெரியும். தெரியாவிட்டால் அடிப்பக்கத்தை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். அப்போதும் அசையாவிட்டால் சர்வீசுக்குக் கொடுத்துவிடுங்கள். அதே நேரத்தில் நாசில் வாயில் சேறோ பூச்சிக் கூடோ இருக்கிறதா, பட்டை உரசிய இடத்தில் பெயின்ட் போய்த் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். பட்டைக்கும் சிலிண்டருக்கும் இடையில் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டினால் உரசலும் சத்தமும் குறையும். ஒட்டிய பிறகும் கொக்கி முழுமையாகப் பூட்ட வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு இந்த வேலைக்கு ஏற்றதல்ல. திறந்த வெளியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், மூடிய வண்டிக்குள் அடித்தால் மூச்சு முட்டும். அந்த சிலிண்டர் கனமானது, அழுத்தமும் மிக அதிகம். அதில் அழுத்தமானி இருக்காது, எடை போட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். ஏபிசி பவுடரே போதும், வால்வு மட்டும் உலோகமாக இருக்கட்டும். 2017 நவம்பரில் கிட் (Kidde) என்ற தீயணைப்பான் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்ற பிளாஸ்டிக் கைப்பிடி தீயணைப்பான்களை, ஏறத்தாழ 4 கோடி, திரும்பப் பெற்றது. அவசரத்தில் அடைத்துக்கொள்ளலாம், வேலை செய்யாமல் போகலாம் என்பதுதான் காரணம்.

வெப்பத்தையும் பாருங்கள். லேபிளில் அதிகபட்ச வெப்பநிலை போட்டிருக்கும். 49 டிகிரி, 60 டிகிரி என இரண்டு வகையும் உண்டு. கூரை இல்லாத வண்டிக்கு 60 எடுங்கள். இருக்கை நிழலில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறொருவர்

ஒன்று சேர்க்கிறேன். காய்ந்த புல் வழியாக ஓட்டினால் அடித்தகட்டுக்கு மேலும் சைலன்சரைச் சுற்றியும் புல் சேர்ந்து தீப்பிடிக்கும். நிறுத்தும்போதெல்லாம் குனிந்து பார்த்து எடுத்துவிடுங்கள். பானட்டுக்குள் தீ என்றால் எஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிட்டு, பானட்டை முழுதாகத் தூக்காமல் முதல் கொக்கி வரை மட்டும் திறந்து அந்த இடைவெளி வழியாக அடியுங்கள். முழுதாகத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ முகத்துக்கே வரும். காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். சிலிண்டர் தீர்ந்தும் அணையவில்லையென்றால் வண்டியை விட்டு விலகி ஓடுங்கள்.

கேட்டவர்

இருக்கையின் கீழ் தட்டு, இரண்டு உலோகப் பட்டை, முனைத் தடுப்போடு பொருத்தியாகிவிட்டது. கண்ணை மூடி எடுத்தும் பார்த்தேன், வருகிறது. கடைசியாக ஒன்று: சீல் அறுந்த சிலிண்டர் வேலை செய்கிறதா என்று ஒரு நொடி அடித்துப் பார்க்கலாமா?

பதில்

வேண்டாம். ஒரு நொடி அடித்தாலும் வால்வு உட்காரும் இடத்தில் பவுடர் துகள் சிக்கிக்கொள்ளும், வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் மெல்லக் கசிந்து சில நாளில் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியை விட்டு இறங்கிவிடும். சீல் அறுந்து உருண்ட சிலிண்டர் என்பதால் அடித்தே பார்க்காமல் நேராக சர்வீசுக்குக் கொடுங்கள். நெளிவு இருக்கிறதா, வால்வு சரியா என்று பார்த்துப் புது சீல் போட்டுத் தருவார்கள். உடலில் நெளிவு இருந்தால் அதை விட்டுவிட்டுப் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.