தொழிற்சாலை வேலை தெற்கே வருமா, தெற்குதான் வடக்கே போக வேண்டுமா?

பொருநைக்கரையான்:

தமிழ்நாட்டின் வேலைவாய்ப்பு வளர்ச்சி என்று பேசப்படுவதில் பெரும்பகுதி, ஒருபுறம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று சென்னையைச் சுற்றியும், மறுபுறம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் மட்டுமே நிகழ்கிறது என்பது என் வாதம். நெல்லை மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஆளெடுக்க வரும் நிறுவனங்களில் அநேகமாக எல்லாமே வடக்கே வந்து சேரச் சொல்கின்றன. போக இயலாதவர்களுக்கு மிஞ்சுவது தேர்வாணையம்தான். 2025ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வில் 3,935 இடங்களுக்கு 13 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள்.

2021 தொழிற்கொள்கை மாவட்டங்களை மூன்று பிரிவுகளாக்கி, பின்தங்கியவற்றுக்குக் கூடுதல் சலுகை தருகிறது. அதன் பிறகு எங்கள் நெல்லை மாவட்டக் கங்கைகொண்டானில் டாடா பவரின் சூரியத்தகடு ஆலையும், தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலையும் வந்திருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் வின்ஃபாஸ்ட் சொன்னதே மூவாயிரம் முதல் மூவாயிரத்து ஐந்நூறு வேலைகள்தான். இந்தச் சலுகையை இரட்டிப்பாக்கி, சென்னைப் பகுதிக்குத் தருவதை அறவே நிறுத்த வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

ஓசூர்வாசி:

ஐயா, சலுகை கொடுத்தால் ஆலை வந்துவிடும் என்பதை ஏற்க முடியவில்லை. ஓசூரில் சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டை அமைந்தது 1970களில். பெங்களூருக்கு அருகாமை, அசோக் லேலண்ட், டிவிஎஸ் ஆகியவற்றின் வரவு, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் என்று ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்த பலத்தின் மேல்தான் இன்று கைப்பேசி பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது. கைப்பேசி பெரும்பாலும் விமானத்தில் ஏற்றுமதியாகும் சரக்கு. பாகங்கள் நாள் தவறாமல் வந்து சேர வேண்டிய உற்பத்தி. அதைத் தெற்கே தூத்துக்குடி மாவட்டக் கயத்தாறில் கொண்டுபோய் வைத்தால் சலுகைத் தொகை முழுவதும் லாரி வாடகைக்கே போய்விடும்.

தெற்கிலிருந்து வரும் பெண்களை யாரும் கட்டாயப்படுத்தி அழைத்து வரவில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தத்தோடு மாதச் சம்பளம் என்பதை அவர்களில் பலருடைய குடும்பங்கள் முதன்முறையாகப் பார்க்கின்றன. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசே கட்டித் திறந்தது. ஆட்கள் இடம்பெயர்வதை எளிதாக்குவதுதான் நடைமுறைக்கு உகந்த வழி.

எண்கணக்கன்:

இருவரும் எண்களைக் கையாளும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகளும், தொழிற்சாலைப் பணியாளர்களில் ஏறத்தாழ 15 விழுக்காடும் தமிழ்நாட்டில் இருப்பதாகச் சொல்வது ஒன்றிய அரசின் ஆண்டுத் தொழில் ஆய்வு. அது மின்சாரத்தோடு குறைந்தது 10 பேர், மின்சாரமின்றி குறைந்தது 20 பேர் வேலை செய்யும் பதிவு பெற்ற ஆலைகளை மட்டுமே எண்ணுகிறது. சிவகாசியின் வீட்டு வேலையும் கடையநல்லூரின் பீடியும் அதில் வாரா. வீடு வீடாக மாதிரி எடுக்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு எல்லா வகை வேலையையும் சேர்த்துக்கொள்கிறது என்றாலும், அப்பாவின் கடையில் சம்பளமின்றி நிற்கும் பட்டதாரியும் அதன் கணக்கில் வேலையில் இருப்பவரே. மாவட்டத்தை அடிப்படை அலகாகக் கொண்டு மாதிரி எடுக்கத் தொடங்கியதே 2025 ஜனவரியிலிருந்துதான். ஆகவே ‘தெற்கு தேய்கிறது’ என்பதையோ ‘எங்கும் வளர்கிறது’ என்பதையோ இத்தனை உறுதியோடு சொல்வதற்கில்லை.

இன்னொன்று: ஒரு துறை வளர்வது வேறு, அந்தத் துறைக்குள் எந்தப் பணி வளர்கிறது என்பது வேறு. மின்னணுத் துறையில் ஒரு லட்சம் வேலை என்றால் அதில் எத்தனை பேர் பாகம் பொருத்துபவர், எத்தனை பேர் இயந்திரம் பழுது பார்ப்பவர் என்று பிரித்துப் பார்க்காதவரை மாணவர்களுக்கு அந்த எண்ணால் பயனில்லை.

நொய்யல்:

திருப்பூரிலிருந்து ஒரு சிறு உற்பத்தியாளனாக எழுதுகிறேன். வேலை இல்லை என்ற பேச்சே எனக்கு விளங்கவில்லை. ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், செக்கிங், அயர்னிங் எல்லாவற்றுக்கும் ஆள் தேவை என்று கம்பெனி வாசல்களில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 விழுக்காடு வரி விதித்தபோது ஆர்டர்கள் நின்று பல இடங்களில் ஷிப்டைக் குறைத்தார்கள் என்பது உண்மை. அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆள் வராமல் இருந்திருந்தால் இந்த ஊர் ஓடியே இருக்காது. நெல்லைப் பிள்ளைகள் குரூப் 4 புத்தகத்தை மூடிவிட்டு வரட்டும். ஆறு மாதத்தில் தொழில் கற்றுக் கொடுக்கிறோம்.

பொருநைக்கரையான்:

நண்பர் நொய்யல் அவர்களே, புத்தகத்தை மூடச் சொல்வது எளிது. உயர்கல்விச் சேர்க்கை 47 விழுக்காட்டைத் தொட்ட மாநிலத்தில், மூன்று ஆண்டுகள் படித்த ஒருவரிடம், தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டுக்கு ஒன்றரை ஷிப்ட் தைக்கச் சொல்கிறோம். முதல் ஆண்டு டெய்லருக்கும் பத்தாம் ஆண்டு டெய்லருக்கும் கூலியில் பெரிய வேறுபாடு இல்லாத தொழிலை அவர் தவிர்த்தால் அது சோம்பேறித்தனமாகுமா?

ஓசூர்வாசி சொல்லும் மாதச் சம்பளமும் எத்தனை ஆண்டுக்கு? 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்து இருபத்தைந்து வயதுக்குள் வெளியேறியவர்களுக்கு அடுத்த ஆலை அப்படியே கதவைத் திறந்துவிடவில்லை. விடுதியில் இருக்கும் வரை வேலை, திருமணமானால் ஊர் என்பதுதான் இன்றும் பல ஆலைகளின் எழுதப்படாத ஏற்பாடு.

கீழத்தஞ்சை:

கடைசி வரியைத்தான் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன். எங்கள் ஊரில் நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தபின், முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆண்டில் பாதி நாள்கூட வேலை கிடைப்பதில்லை. ஓசூர் விடுதி இவர்களுக்கு ஆகாது. மாமியாரையும் பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் விட்டுவிட்டு யார் போவார்கள்? செய்யாறு சிப்காட்டில் 2006 முதல் இயங்கும் காலணி ஆலையைப் பாருங்கள். சுற்றுக் கிராமங்களுக்குப் பேருந்து அனுப்பி ஆயிரக்கணக்கான பெண்களை அழைத்து வந்து, மாலையில் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். திருமணமானவர்கள் வேலையில் நீடிப்பது அதனால்தான். 2023இல் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் காலணிப் பூங்கா திறந்தது அதே வழியில்தான். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருப்பதாகப் பெருமைப்படுகிறோம். அந்த எண்ணிக்கையை உயர்த்துவதற்குத் தேவை ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் ஓர் ஆலை. பெரிய சலுகைகூட இல்லை.

‘டெல்டாவில் தொழிலே கூடாது என்று சட்டம் இருக்கிறதே’ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். 2020 வேளாண் மண்டலச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு அகழ்வு, உலோக உருக்காலை போன்றவற்றைத்தான். காலணித் தையலை அது தடுக்கவில்லை. 2024இல் தஞ்சாவூரில் மினி டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் வந்தது. அது நல்லதுதான், ஆனால் நான் சொல்லும் பெண்களுக்கு அதில் இடமில்லை.

ஓசூர்வாசி:

காலணி, ஆயத்த ஆடை, உணவு பதப்படுத்துதல் ஆகியவை பரவக் கூடிய தொழில்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தூத்துக்குடித் துறைமுகம் அவற்றுக்குப் போதும். மின்னணுவைப் பிய்த்தெடுத்துத் தெற்கே நடச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். சென்னைக்குத் தரும் சலுகையை நிறுத்தினால் அந்த ஆலை தூத்துக்குடிக்கு வராது, ஸ்ரீசிட்டிக்குப் போகும். எல்லையைத் தாண்டினால் ஆந்திரம், அவ்வளவு பக்கம்.

பொருநைக்கரையான்:

ஸ்ரீசிட்டி அச்சம் நியாயமானது; ‘அறவே நிறுத்த வேண்டும்’ என்பதை ‘படிப்படியாகக் குறைக்க வேண்டும்’ என்று திருத்திக்கொள்கிறேன், அதற்கு மேல் இறங்க மாட்டேன். இப்போது உங்களிடம் நேரடியான ஒரு கேள்வி: உங்கள் ஆலையில் பாகம் பொருத்தச் சேர்பவர்களில் ஐந்தாம் ஆண்டு லைன் லீடராக, அதாவது உற்பத்தி வரிசையை மேற்பார்ப்பவராக, இருப்பவர் எத்தனை பேர்?

ஓசூர்வாசி:

மிகச் சிலர். நீடிப்பவர்கள் டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்து இயந்திரப் பராமரிப்பிலும் தரச் சோதனையிலும் சேர்ந்தவர்கள். அந்த இடங்களுக்கு எங்களுக்கே ஆள் போதவில்லை. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து அரசு 71 ஐ.டி.ஐ.களை ரூ.2,877 கோடியில் தரம் உயர்த்தியிருக்கிறது. உங்கள் கலைக் கல்லூரிக்குப் பக்கத்தில் இருப்பதில் ரோபோவும், கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரமும் வந்திருக்கும், பி.ஏ. முடித்தவர் அங்கே சேரத் தடை எதுவும் இல்லை.

பொருநைக்கரையான்:

தடை இல்லைதான். பட்டம் வாங்கிய பிள்ளையை மறுபடி ஐ.டி.ஐ.க்கு அனுப்பு என்று ஒரு தகப்பனாரிடம் நீங்கள் வந்து சொல்லிப் பாருங்கள். அதற்கு அந்த ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் கங்கைகொண்டானிலேயே பராமரிப்புப் பணி கிடைத்தது என்று காட்ட எனக்கு ஒரு பத்துப் பெயராவது வேண்டும். எண்கணக்கன் அவர்களே, பணிவாரியான அந்தக் கணக்கு மாவட்ட அளவில் எங்காவது கிடைக்கிறதா?

எண்கணக்கன்:

எந்த வெளியீட்டிலும் நான் பார்த்ததில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஆலைவாரியாகக் கேட்டு மனுப் போடுங்கள். ‘மொத்த வேலைவாய்ப்பு’ என்று கேட்காமல், நேரடிப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர், பயிற்சி பெறுபவர் என்று தனித்தனியே கேளுங்கள்.