யாழினியா, மாயாவா? இன்னும் 16 நாள்தான் இருக்கிறது

பொங்கோல்_புதுஅப்பா
மகள் பிறந்து 26 நாள் ஆகிறது. சிங்கப்பூரில் 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், பெயர்க் கட்டம் மட்டும் இன்னும் காலி. எனக்கு யாழினி பிடித்திருக்கிறது, மனைவிக்கு மாயா. மாமியார் ஜோசியரிடம் கேட்டுவிட்டு, 'திருவாதிரை: கு, க, ங, ச' என்று எழுதிய துண்டுச் சீட்டோடு வந்திருக்கிறார். மாயா என்றால் பொய்த்தோற்றம், பிள்ளைக்கு யாராவது பொய் என்று பெயர் வைப்பார்களா என்கிறார். யாழினியை இங்கே ஒருத்தராலும் சொல்ல முடியாது என்கிறார் மனைவி. பெயருக்குப் பொருள் முக்கியமா, கூப்பிட வசதி முக்கியமா?

கயல்_செங்காங்
கண்ணை மூடிக்கொண்டு மாயா வையுங்கள். என் பெயர் கயல்விழி. ழி வருகிற இடத்தில் அப்பா இசட்-எச் போட்டுப் பதிந்துவிட்டார். சீன ஆசிரியைகளுக்கு இசட்-எச் என்றால் பின்யின்தான் (மாண்டரின் சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை), அதில் அது ஏறக்குறைய 'ஜ'. தொடக்கப்பள்ளி ஆறு வருஷமும் நான் 'காயல்விஜி'. உயர்நிலைப்பள்ளியில் 'கே' ஆனேன், இப்போது அலுவலகத்தில் 'கெல்லி'. ஒரு தடவை உடன் வேலை செய்பவனிடம் பெயரின் பொருளை விளக்கினேன். மீன்தலைக் கறி வாங்கினால் முதலில் கண்ணைத்தான் தோண்டிச் சாப்பிடுவானாம். அத்தோடு விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

ஈசூன்_கிழவன்
அடுத்தவர் வாய்க்கு வராவிட்டால் நம் பெயரை மாற்றுவதா? சீனர்களைப் பாருங்கள் அம்மா, ஒவ்வோர் எழுத்தையும் எடைபோட்டுத்தான் வைக்கிறார்கள். நம் முதல் பிரதமர் லீ குவான் இயூ பெயரில் இருப்பது ஒளியும் பிரகாசமும். மூத்த மகன் சியன் லூங் பெயரில் லூங் என்றால் டிராகன், அவர் பிறந்த 1952 டிராகன் ஆண்டு. தம்பி சியன் யாங். 'சியன்' என்ற எழுத்து அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. யாருக்கும் நாக்கு சுளுக்கவில்லையே.

கயல்_செங்காங்
ஐயா, அதே லீ குவான் இயூவுக்கு வீட்டில் ஹாரி என்றும் ஒரு பெயர் இருந்தது! எழுத ஒன்று, கூப்பிட ஒன்று. அதையேதான் நானும் சொல்கிறேன். 1980களில் பள்ளிகளில் சீனப் பிள்ளைகளின் பெயரைப் பின்யினில் எழுத வைத்தார்கள். ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் டான் என்கிற குடும்பப் பெயர் மாண்டரினில் சென். அப்பா டான், பிள்ளை சென்னா என்று எத்தனை வீடுகளில் மனத்தாங்கல்! பொருளும் மாறவில்லை, சீன எழுத்தும் மாறவில்லை. மாறியது ஓசை மட்டும்தான். அது வலித்தது.

சூசை_பேரன்
பொருள் எல்லை தாண்டும், ஓசை தாண்டாது. எங்கள் கத்தோலிக்கக் குடும்பமே அதற்குச் சாட்சி. தாத்தாவின் பெயர் சின்னப்பன். பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவன், அதனால் பவுல் தமிழில் சின்னப்பர் ஆனார். ஸ்தேபானோஸ் கிரேக்கத்தில் மகுடம், அவர் முடியப்பர். எபிரேய யோகனானுக்குக் 'கடவுள் அருளினார்' என்று பொருள், அவர் அருளப்பர். சொல்லை உச்சரிக்கத் தெரியாத ஊரில் பொருளைப் பெயர்த்து வைத்து ஒட்டவைத்துவிட்டார்கள்.

கயல்_செங்காங்
தம்பி, உங்கள் பெயர் சின்னப்பனா?

சூசை_பேரன்
…பால். சரி, சிரித்துக்கொள்ளுங்கள்.

நாகூரான்_தெம்பனிஸ்
பால் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அப்துல்லா என்றால் அல்லாவின் அடியான். எபிரேயத்தில் ஒபதியா, இங்கே தேவதாஸ், எல்லாம் அதே பொருள். கடவுள் கொடுத்த பிள்ளை என்பதற்கு எங்களிடம் அதாவுல்லா, கிரேக்கத்தில் தியோடர், எபிரேயத்தில் மத்தேயு, சீனத்தில் தியன்சி. பிள்ளை பிறந்த வீட்டில் எல்லா ஊரிலும் ஒரே நினைப்புதான் போல.

மாமியாரையும் ரொம்பக் கேலி செய்ய வேண்டாம். கானாவின் அகான் மக்கள் பிறந்த கிழமையைத்தான் பெயராக வைப்பார்கள். கோஃபி அன்னானில் கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்தவன். பாலித் தீவில் மூத்தது வாயான், அடுத்தது மாடே, பிறந்த வரிசைதான் பெயர். நட்சத்திரம் அதற்குக் குறைச்சலா?

உட்லண்ட்ஸ்_உதயா
எல்லாம் சரி, அந்தச் சீட்டில் இருக்கிற ங-வில் ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். எனக்குத் தெரிந்து ங-வில் தொடங்கும் ஆள் எங்கள் புளோக்கில் ஒருத்தர்தான், ஏழாவது மாடிச் சீனர் மிஸ்டர் ங்.

கயல்_செங்காங்
😂 பொருள், பொருள் என்கிறீர்களே, என் அப்பாயி பெயர் போதும்பொண்ணு. நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததில் வந்த அலுப்பு. தேக்கா சந்தையில் பூக் கட்டி விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அங்கே அந்தப் பெயருக்கு இருந்த மரியாதையை நான் பார்த்திருக்கிறேன், பொருளை யாரும் நினைக்கவே இல்லை. பிறந்ததெல்லாம் தங்காத வீட்டில் பிச்சை, குப்பன் என்று வைக்கவில்லையா? சீனர்கள்கூடக் கண்பட்டுவிடாமல் இருக்கக் குழந்தையை 'நாய்' என்று கூப்பிட்டவர்கள்தானே.

ஈசூன்_கிழவன்
அந்த அப்பாயி உங்களுக்கும் போதும்பொண்ணு என்றே வைத்திருக்கலாமே. ஏன் கயல்விழி என்று வைத்தார்?

கயல்_செங்காங்
அப்பாதான் வைத்தார். ஆனால் தேர்ந்தெடுத்தது அப்பாயி. இதற்கு நாளைக்குப் பதில் சொல்கிறேன்.

தமிழ்_டீச்சர்
இரண்டு பக்கமும் பாதிப் பொருளை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். மாயா வெறும் பொய் அல்ல. புத்தரைப் பெற்றவர் மாயாதேவி. தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குச் சொல்லும் தெய்வம் மாயோன், கருநிறத்தவன். சமஸ்கிருத மாயாவும் இதுவும் ஒன்றல்ல, ஆனால் தமிழ்க் காதுக்கு இரண்டும் பக்கத்தில் வந்து நிற்கும். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

யாழினி ஏதோ சங்ககாலத்துப் பெயர் என்று நினைக்க வேண்டாம், அது நம் காலத்தில் பரவியது. சங்கப் பெயர்தான் வேண்டும் என்றால் நக்கண்ணை, நச்செள்ளை இருக்கிறார்கள். வைக்கிறீர்களா? அப்புறம், ழ-வுக்கு இசட்-எச் போட்டே தீர வேண்டும் என்று யார் சொன்னது? 'தமிழ்' என்பதையே ஆங்கிலத்தில் எல் போட்டுத்தான் எழுதுகிறோம்.

ஈசூன்_கிழவன்
எல் போட்டால் யாலினி ஆகிவிடும். ழ போனால் யாழ் ஏது?

தமிழ்_டீச்சர்
ஐயா, அந்த எல்-ஐப் பார்த்து நீங்கள் 'தமில்' என்றா வாசிக்கிறீர்கள்?

பொங்கோல்_புதுஅப்பா
எல்லாருக்கும் நன்றி. நேற்று லிஃப்ட் வாசலில் எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடம் இரண்டு விதமாகவும் எழுதிக் காட்டினேன். இசட்-எச் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல் போட்டதை 'யா-லி-னி' என்று ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, குழந்தையின் காலைப் பிடித்து இன்னும் இரண்டு தடவை சொன்னார். பக்கத்தில் நின்ற மனைவி, "சரி, அதையே போட்டுத் தொலை" என்றாள். நேற்றிரவே பதிந்தாயிற்று. இரண்டாவது பிள்ளைக்கு மாயாவாம், எழுதி வாங்கிக்கொண்டாள்.

மாமியார் மட்டும் இன்னும் குட்டி என்றுதான் கூப்பிடுகிறார். கு-வில் தொடங்குகிறதாம்.