செவன் கார்ட் ஸ்டட்: ஃபிளஷை நம்பி எதுவரை போகலாம்?

உப்புவெளிக்காரன்:

மாரி தொடங்கிவிட்டது, கெஸ்ட் ஹவுஸில் ஆட்கள் இல்லை. பின்னேரங்களில் ஐந்து பேர் இருந்து ஸ்டட் விளையாடுகிறோம்; ஆளுக்கு ஏழு கார்ட் வரும் போக்கர் அது, அதில் சிறந்த ஐந்துதான் கணக்கு. காசு வைப்பதில்லை, புளியங்கொட்டைதான். மூன்றாம், நாலாம் கார்டுக்கு ஐந்து கொட்டை, ஐந்தாவதிலிருந்து பத்து.

நேற்றைய கை இது. கவிழ்த்து வந்த இரண்டும் ஆட்டின் (ஹார்ட்ஸ்) 9, ஆட்டின் 4. நிமிர்ந்து வந்தது ஆட்டின் ராசா. மற்றவர்கள் முன்னால் ஆட்டின் 7, ஆட்டின் 2, இஸ்பேட் ஏஸ், கிளாவர் 10. எல்லோரும் ஐந்து ஐந்து கட்டினோம். நாலாவதாக எனக்குக் கிளாவர் 3, ஏஸ் வைத்திருந்த மாமாவுக்கு ஆட்டின் 6. மாமா பெட் கட்ட எல்லோரும் கட்டினோம். ஐந்தாவது எனக்கு டைமண்ட் 8, மேசையில் புதிதாக ஆட்டின் எதுவும் இல்லை. அதற்கும் பத்துக் கட்டினேன். ஆறாவதும் ஏழாவதும் ஆட்டின்! ஐந்தும் ஒரே இனம், அதாவது ஃபிளஷ். பொட்டில் (நடுவில்) சேர்ந்த கொட்டை முழுக்க எனக்கு.

மாமா இன்னும் விடுவதாக இல்லை. "வெண்டது சரி மருமகன், ஆனால் நாலாவதிலேயே நீ விலகியிருக்க வேணும்" என்கிறார். எந்த இடத்தில் நிற்பது, எந்த இடத்தில் விடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீனக்குடா கணக்கர்:

தம்பி, மாமா பக்கம்தான் நியாயம். கடைசி இரண்டு கார்டை ஒதுக்கிவிட்டு, நீங்கள் கட்டிய நேரத்தில் மேசையில் என்ன தெரிந்தது என்று மட்டும் பாருங்கள்.

ஒரே இனத்தில் மூன்று கார்ட் வந்தால், வேறு எதையும் பார்க்காத கணக்கில், ஏழாவதுக்குள் ஃபிளஷ் அமைய 18% வாய்ப்பு. உங்கள் மேசையில் நாலு பேரின் கார்ட் தெரிகிறது. அதில் ஆட்டின் ஒன்றுமே இல்லையென்றால் அது 21% ஆக ஏறும். இரண்டு ஆட்டின் தெரிந்ததால் 14% ஆக இறங்கிவிட்டது. ராசா ஜோடி சேரவும் இடம் இருக்கிறது என்பதால் ஐந்து கொட்டைக்கு நாலாவதைப் பார்த்ததை நான் குறை சொல்ல மாட்டேன். யாராவது ரெயிஸ் பண்ணியிருந்தால் (பெட்டைக் கூட்டியிருந்தால்) அங்கேயே விலகியிருப்பேன்.

நாலாவதில் உங்களுக்குக் கிளாவர் வர, ஆட்டின் 6 மாமாவிடம் போனது. இனி மூன்று கார்டில் இரண்டு ஆட்டின் வேண்டும். பார்க்காத 40 கார்டில் மிச்சம் 7 ஆட்டின். வாய்ப்பு 7%, அதாவது ஏறக்குறைய பதின்மூன்றுக்கு ஒன்று. பொட்டில் இருந்தது 45, நீங்கள் கட்டியது 5, ஒன்பதுக்கு ஒன்று. பிந்திய பெட்டுகள் இந்த இடைவெளியை நிரப்ப வேண்டுமென்றால் நாலு பேரும் கடைசிவரை கட்ட வேண்டும், உங்கள் ஃபிளஷும் தோற்கக் கூடாது.

எனக்கு மனம் பொறுக்காத இடம் ஐந்தாவதுதான். பெட் இரட்டிப்பாகும் நேரத்தில் உங்களுக்கு இரண்டு ஆட்டினும் அடுத்தடுத்து விழ வேண்டும். 35 கார்டில் 7: அது 4%கூட இல்லை. மாமா ஏஸைக் காட்டிக்கொண்டு பெட் கட்டும்போது பத்துக் கொட்டை வைக்கிற இடமா அது?

மனையாவெளி அக்கா:

கணக்கர் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 304 சீட்டாட்டம் விளையாடத் தெரியும்தானே? ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று எண்ணிக்கொண்டே எந்தத் துரும்பு விழுந்தது, யாரிடம் மிச்சம் என்று மனதில் வைத்திருப்போமே, அதே பழக்கம் ஸ்டட்டுக்கும் வேண்டும். ஹோல்டெம் என்ற மற்றப் போக்கர் மட்டும் பழகியவர்களுக்கு இது வராது. அதில் மற்றவர்களின் கார்ட் கண்ணில் படாது, ஃபிளஷுக்கு ஒன்பது மிச்சம் என்று நினைத்துக்கொண்டே போகலாம்.

ஸ்டட்டில் ஒருவர் விலகினால் அவர் முன்னால் இருந்த கார்டும் கவிழ்ந்து குவியலுக்குள் போய்விடும். பிறகு தேடினால் கிடைக்காது. போவதற்கு முன்னமே எண்ணிக்கொள்ள வேண்டும். எல்லாக் கார்டையும் ஞாபகம் வைக்கத் தேவையில்லை. உங்கள் கைக்கு இரண்டு எண் போதும்: எத்தனை ஆட்டின் போனது, எத்தனை ராசா போனது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இரண்டையும் திருத்திக்கொள்ளுங்கள்.

உப்புவெளிக்காரன்:

நன்றி அண்ணா, நன்றி அக்கா. நாலாவது எனக்கும் ஆட்டின் விழுந்திருந்தால்? அப்போதும் மேசையில் மூன்று ஆட்டின் போயிருக்குமே.

சீனக்குடா கணக்கர்:

அப்படியென்றால் கதையே வேறு. நாலு ஆட்டின் உங்கள் கையில், மூன்று மேசையில், மிச்சம் ஆறு. மூன்று கார்டில் ஒன்று விழுந்தால் போதும், அதற்கு 39%. மேசையில் ஒன்றுமே போகாமல் இருந்திருந்தால் 50%க்கு மேல். 39 என்றாலும் ஐந்து பேர் கட்டும் பொட்டில் உங்கள் பங்கு ஐந்தில் ஒன்றுதான், ஆகவே தாராளமாகக் கட்டலாம், ரெயிஸும் பண்ணலாம். ஐந்தாவது வெறுமையாகப் போனாலும், மேசையில் புதிதாக ஆட்டின் விழாவிட்டால், 31%க்கு மேல் இருக்கும். இரண்டு மூன்று பேர் கட்டினாலே பத்துக் கொட்டைக்கு அது தாங்கும்.

பாலையூற்று ராத்திரி ஆட்டம்:

கணக்கு சரி. ஆனால் எதிரில் இருப்பவரின் கார்டையும் பாருங்கள். ஒருவர் முதலில் நிமிர்த்திய கார்டுக்கே பிறகு ஜோடி விழுந்தால், உள்ளே அதே கார்ட் இன்னொன்று இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். இருந்தால் அவர் கையில் ஏற்கெனவே மூன்று. அது ஃபுல் ஹவுஸாக (மூன்றோடு ஒரு ஜோடியும்) மாறினால் உங்கள் ஃபிளஷ் அமைந்தும் தோற்கும், அதுவும் கடைசிப் பெட்டையும் கட்டிய பிறகு. மாமாவுக்கு ஐந்தாவதில் இரண்டாவது ஏஸ் நிமிர்ந்திருந்தால், நாலு ஆட்டினோடுகூட நான் ரெயிஸ் பண்ணமாட்டேன். பேசாமல் கட்டி ஆறாவதைப் பார்ப்பேன்.