கிணற்றடி வாளிக்குள் விழுந்த கோட்லெஸ் தொலைபேசி: 4, 5, 6 பொத்தான்கள் மட்டும் வேலை செய்யவில்லை

கொக்குவில் மகள்:

வணக்கம். அம்மா பாவிக்கும் கோட்லெஸ் தொலைபேசியின் கைக்கருவி, சென்ற திங்கட்கிழமை அவர் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் நிறைந்த வாளிக்குள் விழுந்துவிட்டது. உடனே எடுத்துத் துடைத்திருக்கிறார். ஆனால் பற்றரியைக் கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மாலையில் நான் வேலையால் வந்த பிறகுதான் அதைக் கழற்றிவிட்டுக் கைக்கருவியை இரண்டு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தேன்.

இப்போது திரை ஒளிர்கிறது, மணியும் அடிக்கிறது. ஆனால் 4, 5, 6 ஆகிய மூன்று பொத்தான்களும் எவ்வளவு அழுத்தினாலும் ஏற்பதில்லை. மறுமுனையில் உள்ளவர்கள் அம்மாவின் குரல் அடைத்துக் கேட்பதாகச் சொல்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவின் இலக்கம் 416 என்று தொடங்குவதால் அம்மாவால் அவரை அழைக்கவே முடியவில்லை.

நகரிலுள்ள ஒரு திருத்தகத்தில் காட்டினேன். மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல், உள்ளே எல்லாம் பழுதாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். அம்மாவுக்குக் காது மந்தம். இதில் சத்தத்தை நன்றாகக் கூட்டலாம், எண்களும் பெரியவை. கைத்தொலைபேசியின் தொடுதிரை அவருக்குச் சரிவரவில்லை. இதைத் திருத்த வழி இருக்கிறதா?

பழைய வானொலித் திருத்துநர்:

பிள்ளை, பழுதான மூன்று பொத்தான்களும் ஒரே கிடைவரிசையில் இருக்கின்றன என்பதுதான் நீங்கள் தந்த தகவல்களில் மிகவும் பெறுமதியானது. பொத்தான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பி போவதில்லை; கிடையாகச் சில செப்புக் கோடுகளும் நெடுக்காகச் சில கோடுகளும் ஓட, ஒரு பொத்தானை அழுத்தும்போது றப்பருக்கு அடியிலுள்ள கறுப்புக் கரித்துண்டு ஒரு கிடைக்கோட்டையும் ஒரு நெடுக்கோட்டையும் இணைக்கிறது. நெடுக்கோடு அறுந்திருந்தால் 1, 4, 7 என்று கீழ்நோக்கிப் போயிருக்கும். ஆகவே மூன்று பொத்தான்கள் பழுதாகவில்லை, ஒரே ஒரு கோடு எங்கோ அறுந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அறுத்தது தண்ணீர் மட்டுமல்ல. பற்றரி உள்ளே இருக்க ஈரமும் இருந்தால், மின்னோட்டம் செம்பைக் கரைத்துப் பச்சைக் களிம்பாக்கிவிடும். அந்த அரை நாளில்தான் சேதம் நடந்திருக்கும். அதோடு எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இருப்பவை. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான், தண்ணீர் காய்ந்ததும் கருவிக்குள் செப்புக் கோடுகள் ஓடும் சுற்றுப் பலகையிலும் தங்கும். அரிசியால் அதை எடுக்க முடியாது. அதனால் காயவைப்பதற்கு முன் கழுவ வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். மின்கருவியைக் கழுவுவதா என்று பலர் அஞ்சுவார்கள், பற்றரி கழற்றப்பட்டிருந்தால் அஞ்சத் தேவையில்லை.

பற்றரி மூடிக்குள் பெரும்பாலும் இரண்டு திருகாணிகள் இருக்கும்; அவற்றைக் கழற்றி, ஓரத்தைப் பழைய பிளாஸ்ரிக் அட்டை ஒன்றால் மெதுவாக நெம்பினால் மூடி பிரியும். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள். அமிலத்தையும் அதே கடையில் விற்பார்கள், மாறி வாங்கிவிடாதீர்கள். மென்மையான பல்துலக்கியை அந்நீரில் தோய்த்துப் பலகையைத் தேய்த்துக் கழுவிய பின்னர், ஐசோபுரொப்பைல் அற்ககோலால் ஒருமுறை துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் ஒரு நாள் வையுங்கள். வெயிலில் வைத்தால் திரை கறுத்துவிடும். பொத்தான்களுக்கு அடியில் பலகையில் இருக்கும் கறுப்புப் பூச்சைச் சுரண்ட வேண்டாம். அது அழுக்கல்ல, தொடுகையே அதுதான்.

பிறகு பூதக்கண்ணாடியால் 4, 5, 6 இன் கோடு போகும் வழியைப் பாருங்கள். கோடு பலகையின் மறுபக்கத்துக்கு இறங்கும் சிறு துளைகளில்தான் பச்சை அதிகம் பிடிக்கும். பல்மானியால் (மல்ரிமீற்றரால்) கோட்டின் இரு முனைகளையும் தொட்டுப் பார்த்தால் அறுந்த இடம் தெரிந்துவிடும். அறுந்த இடத்தின் இரு பக்கமும் கோட்டின் மேலுள்ள காப்புப் பூச்சைச் சுரண்டிச் செம்பு மின்னியதும், மின்வயரிலிருந்து பிரித்தெடுத்த ஓர் இழையைப் பற்றாசு (உருக்கி ஒட்டும் ஈயம்) வைத்து ஒட்டி, மேலே நகப்பூச்சுத் தடவினால் போதும்.

நெல்லியடி ஆசிரியர்:

ஐயா சொன்னதுடன் முழுமையாக உடன்படுகிறேன். இரண்டு விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். அற்ககோலைத் திரையிலோ ஒலிவாங்கியிலோ பட விடாதீர்கள், இரண்டும் கெட்டுப்போகும். குரல் அடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அரிசியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். ஈரமான கருவியை அரிசிக்குள் வைக்கும்போது மாத்தூள் ஒலிவாங்கித் துளைக்குள் போய்ப் பசையாகிக் காய்ந்துவிடுகிறது. என் வீட்டிலும் இது நடந்தது. துளையின் வெளிப்புறத்தைக் குண்டூசியால் குத்தாமல், மூடியைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து துப்புரவாக்குங்கள்.

மற்றது பற்றரி. இவற்றில் வழக்கமாக 1.2 வோல்ற் நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலங்கள் இரண்டு இருக்கும். முனையில் வெள்ளைப் பூவோ துருவோ தெரிந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் 1.5 வோல்ற் சாதாரணக் கலங்களைப் போட்டுக் கைக்கருவியை மின்னேற்றும் தாங்கியில் வைக்கக் கூடாது. மீள்மின்னேற்ற முடியாத அவை சூடாகிக் கசிந்துவிடும்.

கொக்குவில் மகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மூடியைத் திறந்தபோது ஒலிவாங்கியைச் சுற்றிய றப்பர் வளையத்துக்குள், பாலப்பத்தின் கரை போல மெல்லிய வெள்ளைத் தகடு ஒன்று ஒட்டியிருந்தது. ஆசிரியர் சொன்ன மாப்பசையேதான். அறுந்த கோடு 4 ஆம் பொத்தானுக்கு இடப்பக்கத்தில், கடுகளவு பச்சைப் புள்ளிக்கு அடியில் இருந்தது. பற்றாசு வைக்க எனக்குக் கை பழக்கமில்லாததால் அயல்வீட்டுத் தம்பி வைத்துத் தந்தார்.

கலங்களையும் மாற்றினேன். முதலில் கைக்கருவி தாங்கியைத் தேடிக்கொண்டே இருந்தது. தாங்கியிலுள்ள பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மீண்டும் பதிவு செய்ததும் சேர்ந்துகொண்டது. இரவு ஒன்பது மணிக்கு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 416 ஐ ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுச் சொல்லியபடி தானே அழுத்தினார். அண்ணா எடுத்தார்.